தோற்றுப்போன மசோதாவுக்கு ஒரு பாராட்டு விழா

காவிரி ஒரு கரமாய், கொள்ளிடம் மறு கரமாய் அணைத்து வைத்திருக்கும் இந்தத் திருவரங்க மண்ணிலே, மாலை வெயில் தணிந்த வேளையிலே திரண்டு வந்திருக்கும் பெருமக்களே! இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கிற, வாழை விவசாயிகள் சங்கத்தின் தலைவர், பேச்சைக் குறைத்துப் பயிரை வளர்த்த பெரியவர் தமிழ்மணி ஐயா அவர்களே, தொட்டியத்திலிருந்தும் முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற உழவர் பெருங்குடியினரே, அரங்கத்தின் சரிபாதியை நிறைத்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, இன்றைய விழாவின் நாயகி, நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சி வரிசையிலே நம் குரலாய் அமர்ந்திருக்கிற ஆனந்தவள்ளி அம்மையார் அவர்களே, உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும் என்று வாழ்த்தி வணங்குகிறேன்.

என் பெயர் ஷேக் தாவூது. காந்தி மார்க்கெட்டிலே வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன். அம்மையாரின் கட்சிக்காரன் அல்லன். கடந்த தேர்தலில் இவருக்கு எதிராக நின்றவருக்கு ஆதரவாக இதே அம்மா மண்டபம் சாலையில் ஒரு வேனின் மேல் ஏறி நின்று பேசியவன். அதை அம்மையாரும் அறிவார். இன்று காலை போனில் அழைத்து, "பாய், அன்னைக்கு எனக்கு எதிரா நல்லாப் பேசுனீங்க. இன்னைக்கும் அதே மாதிரி நல்லாப் பேசிடுங்க"ன்னு சொன்னார். சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வாயிலில் நுழையும்போது ஒரு நண்பர் என் கையைப் பிடித்துக் கேட்டார். "ஏங்க, அந்த மசோதாதான் தோத்துப்போச்சே. தோத்த மசோதாவுக்கு எதுக்குங்க மாலை, மேடை, மைக் செட்டு?" நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். வென்றவர்களுக்கு விழா எடுப்பது எளிது. வென்றவர் வீட்டு வாசலில் மாலைகள் தாமே வந்து விழும். தோற்றும் தலைநிமிர்ந்து வந்தவரை எதற்காகப் பாராட்டுகிறோம்? கேளுங்கள், சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். வாழை குலை தள்ளி நிற்கிற காலம். காவிரிக் கரையிலே, தொட்டியத்துப் பக்கம், ஒரு மதிய நேரத்தில் சூறைக்காற்று எழுந்தது. வாழை வைத்தவர்களுக்கு அந்தக் காற்றின் குணம் தெரியும். நெல்லைச் சாய்த்தால் நிமிர்த்திக் கட்டலாம். கரும்பைச் சாய்த்தால் வெட்டி ஏற்றலாம். தார் தாங்கிய வாழை ஒடிந்தால் ஒடிந்ததுதான். முட்டுக் கொடுத்த மூங்கிலோடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் படுத்துவிட்டது. என் மண்டிக்கு வர வேண்டிய பூவனும் நேந்திரனும் மண்ணுக்குப் போயின. நான் நேரில் பார்க்கப் போனேன். பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. வியாபாரி நான், எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. வளர்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கணக்கெடுக்க அலுவலர்கள் வந்தார்கள். வரப்போரமாக ஒரு தோட்டத்தில் நின்றார்கள். அங்கே ஓர் அம்மா ஒடிந்த மரங்களை அரிவாளால் வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ரெங்கம்மாள். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருவருமாகக் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தை, அவர் போன பிறகும் விடாமல் இவர் ஒருவராகவே பயிர் செய்து வந்தார். கன்று தேர்ந்தெடுப்பது, நடுவது, மண் அணைப்பது, முட்டுக் கொடுப்பது, மண்டிக்கு ஏற்றி அனுப்புவது எல்லாம் அவர்தான். எனக்குத் தெரியும். அவர் தோட்டத்து வாழைத்தார் என் மண்டிக்குத்தான் வரும்.

அலுவலர் கேட்டார்: "இந்தத் தோட்டத்து விவசாயி எங்கம்மா?"

"நான்தாங்க."

"பட்டா உங்க பேருல இருக்கா?"

"இல்லீங்க. குத்தகைங்க. நிலத்துக்காரர் சென்னையில இருக்காரு."

"குத்தகைக்கு எழுத்து ஏதும் உண்டா?"

"வாய்ப் பேச்சுதாங்க. ஊருக்கே தெரியும்."

"அப்ப நீங்க விவசாயி இல்லம்மா. விவசாயக் கூலின்னு போட்டுக்கறேன்."

அந்த அலுவலரைக் குறை சொல்லவில்லை. விதி அப்படி. எழுதியிருப்பதைத்தான் அவர் எழுதுவார். சென்னையிலே குளிர் அறையிலே இருப்பவர் விவசாயி. சேற்றிலே நிற்பவர் கூலி. காற்று யாருடைய வியர்வையைச் சாய்த்தது? நிவாரணம் யாருடைய பெயரைத் தேடிப் போனது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை வர வேண்டாமா? வரவில்லையே, ஐயா. இந்த நாட்டிலே வரவில்லையே.

இதோ, முன்வரிசையில் ரெங்கம்மாள் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கம்மா என்று கேட்டுக்கொள்கிறேன். "வேண்டாங்க, எல்லாரும் பாப்பாங்க" என்கிறார். சரி, உட்காருங்கள். உங்கள் கதையை நானே நின்று சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் நம் அம்மையார் சேதம் பார்க்க வந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் வருகிறார் என்றால் எப்படி இருக்கும்? நாலு கார், நாலு கேமரா, நாலு வரி கண்டனம் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் நின்றேன். அம்மையார் ரெங்கம்மாள் தோட்டத்தில் இறங்கினார். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பேட்டி கேட்டு மைக் நீட்டியவர்களிடம், "அப்புறம் பேசறேங்க. முதல்ல இவங்க பேசட்டும்" என்றார்.

ரெங்கம்மாள் பேசவில்லை. அழுதார். அம்மையார் காத்திருந்தார். அரசியல்வாதி காத்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. அழுகை நின்ற பிறகு ரெங்கம்மாள் சொன்னது இதுதான்: "மரம் போனதுகூடப் பரவாயில்லீங்க. அடுத்த கன்னு வச்சுக்கலாம். இத்தனை வருசம் நான் செஞ்சது விவசாயமே இல்லைன்னு சொல்லிட்டாங்களே. அப்ப நான் என்னதாங்க செஞ்சேன்?"

அவையோரே, அம்மையாரின் நாடாளுமன்றப் பணி இந்த ஒரு கேள்வியோடு தொடங்கியதும் இல்லை, முடிவதும் இல்லை. லால்குடியிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வரும் பெண்களுக்காகக் காலை ரயிலில் கூடுதல் பெட்டி கேட்டுப் பேசியிருக்கிறார். அதற்கு முன்பு ஒரு வாரம் அந்த ரயிலிலேயே நின்றுகொண்டு வந்தார். துவாக்குடித் தொழிற்கூடங்களில் பயிற்சி என்ற பெயரிலே இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் வேலை வாங்குவதைப் பற்றிக் கேட்டார். அமைச்சர், "அது பயிற்சிதான்" என்றார். அம்மையார் எழுந்து, "கற்றுக்கொண்ட பிறகும் முடியாத பயிற்சிக்கு வேலை என்றுதானே பெயர்" என்றார். ஆளுங்கட்சி வரிசையிலும் சிரித்தார்கள் என்று கேள்வி. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கதைகளை அல்ல. ஒரு வெள்ளிக்கிழமையின் கதையை.

நாடாளுமன்றத்திலே அரசாங்கம் கொண்டுவருகிற சட்டங்கள் உண்டு. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தாமாகக் கொண்டுவருகிற மசோதாவும் உண்டு. தனிநபர் மசோதா என்பார்கள். அதற்கென்று ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல். உறுப்பினர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குப் புறப்படுகிற நேரம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழக்கமும் உண்டு. உறுப்பினர் பேசுவார், அமைச்சர் பாராட்டுவார், "பரிசீலிக்கிறோம், மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பார். உறுப்பினரும் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்வார். யாருக்கும் தோல்வி இல்லை. யாருக்கும் வெற்றியும் இல்லை.

அம்மையார் ஒரு மசோதா எழுதினார். நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதிலே பயிர் செய்கிறவர் விவசாயி. ஆணானாலும் விவசாயி, பெண்ணானாலும் விவசாயி. அவ்வளவுதான் அதன் சாரம். எந்த மசோதாவை எடுத்துப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள்; அந்தக் குலுக்கலில் அதற்கு இடம் கிடைத்தது. உடனே அம்மையார் சங்கத்துக்குப் போன் செய்தார். "ரெங்கம்மாளை டெல்லிக்குக் கூட்டிட்டு வாங்க. அவங்களைப் பத்திப் பேசறப்ப அவங்க அங்க இருக்கணும்" என்றார். துணைக்குப் போக வேண்டியவனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டேன். தலைவர் தமிழ்மணி ஐயா சொன்னார்: "உங்களுக்குத்தான் இந்தி கொஞ்சம் தெரியும்." அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ரயிலிலே டீ வாங்குவதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. அதை விடுங்கள்.

சமயபுரத்தைத் தாண்டிப் போயிராத ரெங்கம்மாள் டெல்லிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலை அம்மையாரின் குடியிருப்பில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது அம்மையாரின் கட்சியிலிருந்தே ஒரு மூத்தவர் வந்தார். நல்ல மனிதர். அவர் சொன்னார்: "அமைச்சர் தரப்பில பேசிட்டேன்மா. நீங்க வாபஸ் வாங்கிட்டா உங்களை உயர்வாப் பாராட்டிப் பேசுவார். வாக்கெடுப்புக்கு விட்டீங்கன்னா நிச்சயமா தோக்கும். ஒருமுறை நிராகரிச்சாங்கன்னு பதிவாயிட்டா அப்புறம் அதை எடுத்து நிறுத்தறது கஷ்டம். யோசிங்க."

அவர் சொன்னதிலே நியாயம் இருந்தது. அம்மையார் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு ரெங்கம்மாள் பக்கம் திரும்பி நடந்ததை விளக்கினார்.

ரெங்கம்மாள் கேட்டார்: "வாபஸ்னா என்னங்க? நான் விவசாயின்னு நீங்க சொல்றீங்க இல்ல, அதைத் திருப்பி வாங்கிக்கறதா?"

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொல்வது? மரியாதைக்கு வாபஸ், மரபுக்கு வாபஸ், மாலைக்கு வாபஸ் என்று எத்தனை அழகான பெயர் வைத்தாலும், அவர் கேட்டதுதானே அதன் பொருள்?

பிற்பகல் நாங்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். அங்கே பேசக்கூடாது, கை தட்டக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. கீழே இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. ரெங்கம்மாள் என் காதருகே, "இன்னும் ஆளுங்க வருவாங்களா பாய்?" என்று கேட்டார். "வருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். வரவில்லை.

அம்மையார் எழுந்தார். தமிழிலே பேசினார். வெறும் நாற்காலிகள் முன்னாலே, இங்கே இப்போது நிறைந்திருக்கிற இந்தக் கூட்டத்துக்கு முன்னால் பேசுவது போலவே பேசினார். விதைக்கிற கைக்குப் பெயர் உண்டா என்று கேட்டார். களை பறிக்கிற கைக்குப் பெயர் உண்டா என்று கேட்டார். கணவன் உயிரோடு இருக்கும்வரை விவசாயியின் மனைவி, கணவன் இறந்தால் விவசாயியின் விதவை, எப்போது ஐயா அவள் விவசாயி என்று கேட்டார். காதிலே கருவி மாட்டி மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்த சிலர், கையிலிருந்த போனை மெதுவாக மேசையில் வைத்ததை நான் பார்த்தேன்.

அமைச்சர் பதில் சொன்னார். கண்ணியமாகவே சொன்னார். உறுப்பினரின் அக்கறை போற்றத்தக்கது என்றார். மாநிலங்களோடு கலந்து பேச வேண்டும் என்றார். மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவைத்தலைவர் அம்மையாரைப் பார்த்தார். காலையில் வந்த கட்சி மூத்தவரும் பார்த்தார்.

அம்மையார் சொன்னார்: "அமைச்சருக்கு நன்றி. இந்தச் சொல் என்னுடையதாக இருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்வேன். இது நிலத்தில் நிற்கிறவர்களின் சொல். அதைத் திரும்பப் பெறுகிற உரிமை எனக்கு இல்லை. அவை ஏற்கட்டும், அல்லது மறுக்கட்டும்."

ஆம் என்போர் சொன்னார்கள். சிறு குரல். இல்லை என்போர் சொன்னார்கள். பெருங்குரல். மசோதா தோற்றது. அவ்வளவு உழைப்பும், அவ்வளவு பயணமும், ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துபோனது.

வெளியே வந்ததும் அம்மையார் ரெங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டோம்மா" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ரெங்கம்மாள் சொன்னார்: "எல்லாரும் சத்தமா இல்லைன்னு சொன்னாங்களே. அப்ப நீங்க பேசுனது அவங்க காதுல விழுந்திருக்குங்க."

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். அன்று அங்கே தட்ட எங்களுக்கு அனுமதி இல்லை.

தோல்விக்குப் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் வந்தார். வடக்கே, வெங்காயம் விளைகிற ஓர் ஊர்க்காரர். நாடாளுமன்றத்தின் வேளாண்மைக் குழுவிலே அம்மையாரோடு அவரும் உறுப்பினர். "நானும் இல்லை என்றுதான் சொன்னேன். கட்சி சொன்னபடி சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டு நிலத்தைப் பார்ப்பது என் அண்ணி. அவரை நான் ஒருநாளும் விவசாயி என்று அழைத்ததில்லை" என்றார். என் கொஞ்ச இந்தியில் எனக்கு விளங்கிய மிக நல்ல வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகு அந்தக் குழுக் கூட்டங்களில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இதையே பேசினார்கள். அம்மையார் மேடைக்கு வராத கூட்டங்கள் உண்டு, கல்யாணத்துக்கு வராத வீடுகள் உண்டு. அந்தக் குழுவுக்குப் போகாத நாள் இல்லை. சட்டம் வரவில்லை. ஆனால் குழுவின் பரிந்துரை வந்தது. பரிந்துரையைத் தொடர்ந்து ஓர் உத்தரவு வந்தது. பேரிடர்ச் சேதம் கணக்கெடுக்கும்போது, பயிர் செய்கிறவர் யார் என்று ஊரார் முன்னிலையில் கேட்டு அவர் பெயரையே பதிய வேண்டும் என்கிற உத்தரவு. பெரிய மாளிகையைக் கேட்டோம், ஒரு திண்ணை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உட்காரவாவது இடம் கிடைத்ததே. போன ஐப்பசி மழையில் தொட்டியத்தில் சேதம் எடுத்தபோது ரெங்கம்மாள் தோட்டத்துக்கு நேரே ரெங்கம்மாள் பெயரையே பதிந்தார்கள். அவரைப் போன்ற இன்னும் பல பெண்களின் பெயர்களையும் பதிந்தார்கள்.

தாய்மார்கள் பக்கமிருந்து ஒருவர் கேட்கிறார், "அப்ப சட்டம் வேண்டாமா?" வேண்டும் அம்மா, கட்டாயம் வேண்டும். உத்தரவு போட்டவர் நாளைக்கு அதை மாற்றலாம். சட்டத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. அதனால்தான் வருகிற கூட்டத்தொடரில் அம்மையார் அதே மசோதாவை மறுபடியும் கொடுக்கப் போகிறார்.

குறையே இல்லாதவர் என்று நான் புகழ வரவில்லை. அம்மையார் முன்னாலேயே சொல்கிறேன். எங்கள் மண்டித் தெருவிலே மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். மனு கொடுத்து மனு கொடுத்துக் கை ஓய்ந்தது. இன்னும் சரியாகவில்லை. தலையாட்டுகிறார், ஒப்புக்கொள்கிறார். அதை அடுத்த மேடையில் பேசுவோம்.

ஆனால் எதிர்க்கட்சி என்றால் என்ன என்று இந்த அம்மையார் எனக்குக் காட்டினார். எதிர்க்கட்சி என்றால் எதிர்ப்பது மட்டுமா? ஏசுவது மட்டுமா? எழுந்து வெளியே நடப்பது மட்டுமா? வெறும் நாற்காலிகளின் முன்னாலும் மக்களை மறக்காமல் நிற்பது எதிர்க்கட்சி. தோற்போம் என்று தெரிந்த பிறகும் சொல்லைத் தோற்கவிடாமல் காப்பது எதிர்க்கட்சி. எதிரே இருப்பவனையும் எதிரியாக நினைக்காமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது எதிர்க்கட்சி. அவருக்கு ஓட்டுப் போடாத நான் இதைச் சொல்கிறேன் என்பதுதான் என் சொல்லுக்கு மதிப்பு.

தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். ஒரே ஒரு காரியம் பாக்கி. நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்.

இந்த அரங்கத்திலே விவசாயம் செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

ஆண்கள் பக்கம் தோப்பு மாதிரி கைகள். மகிழ்ச்சி. தாய்மார்கள் பக்கம் பார்க்கிறேன். கைகள் மடியிலே இருக்கின்றன. ஏன் அம்மா? நாற்று நடவில்லையா? கன்று வைக்கவில்லையா? களை எடுக்கவில்லையா? வாய்க்காலில் மடை திருப்பவில்லையா? யாரைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்? வீட்டுக்காரரையா? அவர் கையை அவர் தூக்கிவிட்டார். உங்கள் கையை நீங்கள்தான் தூக்க வேண்டும்.

அதோ, லால்குடி வரிசையில் ஓர் அக்கா தூக்கிவிட்டார். பக்கத்தில் இன்னொருவர். முசிறி அம்மாக்கள் மூன்றாவது வரிசையில் மொத்தமாகத் தூக்குகிறார்கள். கடைசியில் சுவரோரமாக நிற்கிறவர், குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்குகிறார். முன்வரிசையில், எழுந்து நிற்கவே மாட்டேன் என்று சொன்ன ரெங்கம்மாள், இப்போது எழுந்து நின்று கையைத் தூக்கியிருக்கிறார்.

அம்மையாரே, பாருங்கள். டெல்லியிலே அந்தப் பிற்பகலில் காலியாக இருந்த இருக்கைகளுக்கு உரியவர்கள் இவர்கள்தான். மறுபடியும் அங்கே எழுந்து நிற்கும்போது, எத்தனை பேர் எதிரே இருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். இத்தனை பேர் பின்னால் இருக்கிறார்கள் என்று பேசுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பேச இடம் தந்த சங்கத்தாருக்கும், கை தூக்கிய ஒவ்வொரு விவசாயிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, என் பணிவான வணக்கம். தாய்மார்களே, நீங்கள் கையை இறக்க வேண்டாம். நான் மேடையை விட்டு இறங்கிக்கொள்கிறேன்.